தங்கச்சியின் இத்தாலிக் கடற்கரை

என் சித்தப்பா மகள் இத்தாலிக்குப் போகப்போகிறாள் என்ற செய்தி மாதா கோயில் வாசலில் எனக்குக் கிடைத்தது. பர்மாவில் இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மழைக்காலம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மழை விடட்டும் என்று படியோரம் ஒதுங்கி நின்றிருந்தோம். அவள் தன் குடையை விரிக்காமல் கையில் சுழற்றிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, அவரு கப்பலை அக்டோபர்ல இத்தாலியில டாக்ல ஏத்துறாங்களாம். மூணு வாரம் ரிப்பேராம். ஆபீசருங்க பொண்டாட்டிய கூப்பிட்டுக்கலாம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. என்னைய வரச் சொல்றாரு."

"எந்த ஊரு?"

"ஜெனோவாவோ என்னமோ சொன்னாரு. உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். அந்த ஊரிலிருந்து கிழக்கே கடலோரமாகப் போகும் ரயில் எந்தெந்தச் சிற்றூர்களில் நிற்கும் என்பதுகூட வரிசையாகத் தெரியும். "கேள்விப்பட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். மழை நிற்பதற்கு முன்பே இறங்கி நடந்துவிட்டேன். பஸ்ஸில் எங்கள் பேட்டையான தின்கன்ஜூன் வந்து சேரும்வரை நெஞ்சுக்குக் கீழே ஏதோ காந்திக்கொண்டே இருந்தது.

நான் அப்போது நகரின் நடுவே கியாக்டடாவில், சூலே பகோடாவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மொழிபெயர்ப்புக் கடையில் வேலை பார்த்தேன். வெளிநாடு போகிறவர்களின் காகிதங்களைப் பர்மிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றித் தட்டச்சு செய்து கொடுப்பது எங்கள் தொழில். குடும்பப் பட்டியல், பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, போலீஸ் சான்று என்று எல்லாம் வரும். இரண்டு தட்டச்சு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கரண்ட் போனால் வாசலில் உறுமும் ஒரு ஜெனரேட்டர். சிங்கப்பூருக்கு, துபாய்க்கு, ஜப்பானுக்கு என்று பதினைந்து வருடங்களில் எத்தனையோ பேரை என் விரல்களால் தட்டி அனுப்பியிருக்கிறேன். நான் போன அதிகபட்ச தூரம் நாட்டுக்குள்ளேயே இருக்கும் மொளமைன். அதுவும் ஒரு கல்யாணத்துக்கு.

இத்தாலி எனக்குள் வந்தது தற்செயல்தான். பன்சோடன் தெரு நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம், அட்டை கிழிந்த ஆங்கிலச் சுற்றுலாக் கையேடு ஒன்று வாங்கினேன். அந்தக் கடற்கரையை மட்டும் பற்றியது. வேறு நாட்டுப் புத்தகம் கிடைத்திருந்தால் அந்த நாட்டின்மேல் பைத்தியமாகியிருப்பேன். கிடைத்தது இதுதான். பஸ்ஸில் நின்றபடியே அதைப் பலமுறை படித்திருந்தேன். எந்த ஊரில் மணல், எந்த ஊரில் கூழாங்கல், எந்த மடத்துக்குப் படகு போகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. கணித வாத்தியாரான என் கணவருக்குக்கூட அது ஏதோ ஆங்கிலம் வளர்க்கும் புத்தகம் என்றுதான் நினைப்பு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தங்கச்சியின் கணவருக்கு முதலில் பெண் கேட்டு வந்தது எங்கள் வீட்டுக்கு. எண்பத்தொன்பது கடைசியில், எனக்கு இருபத்துமூன்று வயது. அவர் அப்போது கப்பலில் எண்ணெய் துடைக்கிற கடைநிலை வேலையில் இருந்தார். அப்பா என்னிடம்தான் கேட்டார். "கப்பல்காரன் வேணாம்ப்பா" என்று நானேதான் சொன்னேன். ஆறு மாதம் கழித்து அவர்கள் சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள். அவள் சரி என்றாள். அந்த மனிதர்மேல் எனக்கு ஆசை இருந்ததே இல்லை. என் கணவரைவிட அவர் எந்த வகையிலும் மேல் என்றும் நினைத்ததில்லை. ஆனால் அவர் எஞ்சினியராக ஏற ஏற, அவர் போய்வந்த துறைமுகங்களின் பெயர்களை அவள் தப்பும் தவறுமாகச் சொல்வதைக் கேட்க எனக்குப் பொறுக்காது.

அடுத்த வாரமே அவள் லத்தாவிலிருந்த தன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டாள். நான்காம் மாடி. கீழே சீனக் கடைகளின் இரைச்சல். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் வருடத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். மற்ற நாளெல்லாம் அந்தப் பெரிய வீட்டில் தனி.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நீயே எல்லாம் யோசிச்சு எழுதிக் குடு. கப்பல் டாக்ல இருக்கையில அவருக்கு லீவு குடுப்பாங்களாம். பதினாலு நாள் அங்கன சுத்தலாம்னாரு."

"கடற்கரையா, மலையா, எது வேணும் உனக்கு?"

"எதுன்னாலும் சரி. அங்க சோறு கிடைக்குமா?"

அந்தக் கடற்கரைக்குப் போகப்போகிறவள் முதலில் கேட்பது சோறு.

ஆனாலும் திட்டம் போட உட்கார்ந்ததும் என்னை மறந்துவிட்டேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடம் போட்டேன். ஜெனோவாவில் இரண்டு நாள். பிறகு ரயிலில் கமோலி என்ற சின்ன மீன்பிடி ஊர். அங்கே உயரமான வீடுகளுக்கு மஞ்சளும் சிவப்புமாக வண்ணம் பூசியிருப்பார்கள். கடலிலிருந்து வரும் மீனவன் தன் வீட்டைத் தூரத்திலேயே அடையாளம் காண்பதற்காக என்று என் கையேடு சொன்னது. அந்த ஊரைத் தலைமை இடமாக வைத்து மற்ற ஊர்களுக்குப் போய்வர நாள்வாரியாக எழுதினேன். எந்த நாளில் படகு, எந்த நாளில் நடை, எந்தக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை எல்லாம் இருந்தது. தங்கச்சிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் பர்மிய மொழியில் எழுதினேன். எங்கள் கடைக்கு எதிரே புதிதாகத் திறந்திருந்த இணையக் கடையில் உட்கார்ந்து, கமோலியில் ஒரு விடுதிக்கு ஆங்கிலத்தில் கடிதம் அனுப்பினேன். இரண்டாம் மாடியில் கடல் பார்த்த அறை இருக்கிறது, தருகிறோம் என்று பதில் வந்தது. அறையை யார் பார்க்கப்போகிறார்கள் என்பதை ஒரு நிமிடம் மறந்து சந்தோஷப்பட்டேன். அச்செடுத்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடக்கும்போதுதான் நினைவு வந்தது. அந்தப் பழைய காந்தல் மறுபடி பிடித்துக்கொண்டது.

தங்கச்சி அந்தக் காகிதத்தைப் படிக்கக்கூட இல்லை. "நல்ல ரூமாக்கா?" என்று கேட்டுவிட்டு, கணவருக்காக லப்பெத் எனும் ஊறவைத்த தேயிலையை எத்தனை பொட்டலம் எடுத்துப் போகலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் விசா காகிதங்களைத் தயார்செய்ய உட்கார்ந்தேன். அப்போதுதான் அது நடந்தது.

எங்கள் தமிழ் ஆட்களில் பலருக்கு இரண்டு பெயர் உண்டு. கோயிலில் ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் ஒன்று. பள்ளிக்கூடத்திலும் அரசாங்கத்திலும் கொடுத்த பர்மியப் பெயர் ஒன்று. தங்கச்சியின் பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பட்டியலிலும் இருந்தது பர்மியப் பெயர். கோயிலில் கொடுத்த கல்யாணச் சான்றில் இருந்தது ஞானஸ்நானப் பெயர். இரண்டு காகிதத்தையும் அருகருகே வைத்தால் இவர் வேறு, அவர் வேறு என்றுதான் தெரியும். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று கோர்ட்டில் சத்தியம் செய்து ஒரு பத்திரம் வாங்கி இணைக்க வேண்டும். இதை நான் வாரத்துக்கு மூன்று பேரிடமாவது சொல்வேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவேன், "உங்களுக்கு ரெண்டு பேரா?" என்று.

தங்கச்சியிடம் கேட்கவில்லை.

கல்யாணச் சான்றை மொழிபெயர்த்துத் தட்டும்போது அந்தப் பெயரில் என் விரல் நின்றது. நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்து மேசைக்காரி டீ குடிக்கக் கீழே போயிருந்தாள். மின்விசிறி நின்றிருந்தது. பத்திரம் வேண்டும் என்று மனதுக்குள் ஒரு குரல் தெளிவாகச் சொன்னது. அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பொய் எதையும் எழுதவில்லை. இருந்ததை இருந்தபடி மொழிபெயர்த்தேன். முத்திரை குத்தி, உறையில் போட்டு, "எல்லாம் சரியா இருக்கு" என்று அவள் கையில் கொடுத்தேன்.

தூதரகத்தில் மூன்று வாரம் கழித்துக் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு பெயருக்கும் விளக்கம் வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான்.

தங்கச்சி நேராக என் கடைக்கு வந்தாள். வெயிலில் நடந்து வந்ததில் கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரச்சாந்து கரைந்து வழிந்திருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பயந்துபோய் நின்றாள்.

"இனிமே குடுக்க மாட்டாங்களாக்கா?"

"குடுப்பாங்க. ஒரு பத்திரம் வெக்கணும். நான்... விட்டுட்டேன்."

"யாபாதே, அக்கா" என்றாள். பரவாயில்லை என்பதற்கு எங்கள் வாயில் முதலில் வரும் பர்மியச் சொல் அது. "உனக்கே தோணலன்னா வேற யாருக்குத் தோணும். அலைஞ்சு அலைஞ்சு நீயும் களைச்சுப் போயிருப்ப."

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் கணவர் பள்ளிக்கூடத்துச் சீருடையான பச்சை லுங்கியை மாற்றாமல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை மூடாமலேயே நிமிர்ந்து பார்த்தார்.

"நீ மறக்கிற ஆளு இல்லயே" என்றார்.

நான் அரிசி களைய உள்ளே போய்விட்டேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேனோ என்னவோ.

மறுநாள் லீவு போட்டேன். கோர்ட்டில் எனக்குத் தெரிந்த குமாஸ்தாக்களை எல்லாம் பிடித்தேன். ஒரு வாரம் இழுக்கும் பத்திரத்தை ஒன்றரை நாளில் வாங்கினேன். மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, நானே அவளோடு போய்த் தூதரக வாசலில் நின்றேன். ஆனால் வரிசையில் மறுபடி கடைசிக்குப் போயாகிவிட்டது. கப்பல் அக்டோபர் முதல் வாரம் டாக்கில் ஏறிவிட்டது. விசா கிடைத்தபோது அவருடைய லீவில் பாதிக்குமேல் போயிருந்தது. பதினாலு நாள் ஆறு நாளாகச் சுருங்கியது.

விடுதிக்குத் தேதி மாற்றிக் கடிதம் எழுதினேன். கடல் பார்த்த அறை போய்விட்டது, பின்பக்கத்து அறை இருக்கிறது என்றார்கள். நாள்வாரியாக எழுதிய திட்டத்தில் எட்டு நாளைக் கோடு போட்டு அடித்தேன். அடிக்க அடிக்கக் கை கூசியது. ஆனாலும் மனசின் ஓர் ஓரத்தில், அந்த எட்டு நாளும் அவளுக்கு இல்லை என்பதில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. அதையும் சேர்த்துத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

அவள் கிளம்பிய நாளில் நான் மிங்கலாடோன் விமான நிலையத்துக்குப் போனேன். பட்டுத் தமெய்ன் லுங்கி கட்டி, பர்மியப் பெண்களைப்போலக் கூந்தலை முடித்து, மேலே கணவர் வாங்கிக் கொடுத்த தடித்த கோட்டு போட்டிருந்தாள். அந்த வெயிலில் வேர்த்து ஊற்றியது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனபின் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். அந்த ஆறு நாளும் கடையில் சரியாக வேலை ஓடவில்லை. இப்போது அங்கே விடிந்திருக்கும், இப்போது ரயிலில் இருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு குடும்பப் பட்டியலில் மகனைத் தகப்பன் என்று தட்டி, முதலாளியிடம் பேச்சு வாங்கினேன்.

அவள் திரும்பிய மறுநாள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். சற்றுப் பூசினாற்போல் இருந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. என் பிள்ளைகள் இருவருக்கும் சாக்லேட், என் கணவருக்கு ஒரு சவரப்பெட்டி, எனக்கு எலுமிச்சை வாசனையோடு ஒரு சோப்பு. பிலிம் ரோல்களைக் கழுவக் கொடுத்திருக்கிறேன், அடுத்த வாரம் படம் வந்துவிடும் என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீ இல்லாட்டி நான் போயிருக்கவே முடியாது. நீ லீவு போட்டு கோர்ட்டுக்கு அலைஞ்சதை அவருகிட்ட சொன்னேன். கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்கன்னு சொன்னாரு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நன்றியைத் தாங்க முடியவில்லை.

"நான் மறக்கல" என்றேன்.

"என்னது?"

"அந்தப் பத்திரம் வேணும்னு எனக்குத் தெரியும். தட்டும்போதே தெரியும். வேணும்னேதான் சொல்லல."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. கை மெதுவாக விலகியது.

"ஏன்க்கா?"

"நீ போறது எனக்குப் பொறுக்கல."

வாசலில் யாரோ மொஹிங்கா நூடுல்ஸ் விற்றுக்கொண்டு போனார்கள்.

"பதினாலு வருஷம் ஆச்சு கல்யாணமாகி" என்றாள் பிறகு. குரல் உயரவே இல்லை. "நாங்க ஒண்ணா இருந்த நாளையெல்லாம் கூட்டிப் பார்த்தா மூணு வருஷம்கூடத் தேறாது. நீ எட்டு நாளை எடுத்துக்கிட்ட."

நான் கடற்கரையை மட்டும்தான் நினைத்திருந்தேன். அவள் அவரோடு இருக்கப் போனாள் என்பது அந்த நிமிடம்வரை என் மண்டையில் ஏறவே இல்லை.

"உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்றாள். "எனக்கு அதைப் பார்த்து வயிறு எரியாதுன்னு நினைச்சியா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எரியும். ஆனா உன் பிள்ளைங்களுக்கு நான் ஒரு கெடுதல் செஞ்சதில்லக்கா."

எழுந்து போய்விட்டாள். சோப்பு மேசைமேல் கிடந்தது.

அதன்பிறகு அவள் எட்டு மணிப் பூசைக்கு வருவதில்லை. சாயங்காலப் பூசைக்குப் போகிறாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நான் லத்தாவுக்குப் போனேன். அங்கெல்லாம் மாடி வீட்டுக்குக் கீழே ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால் மேலே மணி அடிக்கும். இழுத்தேன். பால்கனியில் வந்து எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். தெருக்கதவுச் சாவியைக் கீழே போடுவாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

என் கணவரிடம் அதற்குள் எல்லாம் சொல்லியிருந்தேன். "நேரம் எடுக்கும்" என்றார். சில நாள் கழித்து, அலமாரியில் இருந்த அந்த அட்டை கிழிந்த கையேட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "இவ்வளவு ஆசைன்னு எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லி என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகியிருக்காது. எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

மறுவருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் பாதி போன பிறகு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் தங்கச்சி வந்தாள். கையில் ஒரு தடித்த ஆல்பம். உட்காரச் சொல்லும்முன் உட்கார்ந்தாள்.

"அவரு லீவுல வந்திருக்காரு. எல்லாத்தையும் சொன்னேன். அந்த ஊரைத் தேடிக் குடுத்தவளுக்கு ஒருதடவை காட்டிட்டு வான்னாரு" என்றாள். "நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத."

"நினைக்கல."

ஆல்பத்தைத் திறந்தாள். ஜெனோவாவின் ரயில் நிலையத்தில் கோட்டோடு அவள். கூழாங்கல் கரையில் செருப்பைக் கையில் பிடித்தபடி அவர். சுவரில் ஓவியமாகத் தீட்டிய போலி ஜன்னல்களுக்குக் கீழே இரண்டு பேரும். யாரோ வழிப்போக்கர் எடுத்த படம், தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது. பின்பக்கத்து அறையிலிருந்து பார்த்தால் ஒரு முற்றமும், கொடியில் காயும் துணியும் தெரிந்தன. அந்த அறையில் ஒரு மத்தியானம் முழுக்கத் தூங்கினோம் என்றாள். என் திட்டத்தில் அன்றைக்கு நாலு கோயில்.

பக்கம் பக்கமாகப் பார்க்கையில் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் எரியுதா?"

"எரியுது."

"எரியட்டும்" என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் ஆல்பத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அடுத்த பக்கத்தில் கமோலித் துறைமுகத்தின் பெரிய படம். கடலுக்குள் நீண்ட பாறைமேல் ஒரு கல் கட்டடம். நான் விரலை வைத்து, "திட்டத்துல எழுதினேனே, அந்தப் பழைய கோயில் இதுதான்" என்றேன்.

"இல்லக்கா. அது கோட்டை. கோயில் இந்தப் பக்கம், மஞ்சளா இருக்கு பாரு. தினமும் சாயங்காலம் அங்க போய் உட்காருவோம்."

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. அந்த ஊரைப் பற்றி அவள் என்னைத் திருத்தியது அதுதான் முதல் தடவை. வயிறு நன்றாகவே எரிந்தது. சாயங்காலம் அங்கே உட்கார்ந்தால் என்ன தெரியும் என்று கேட்டேன். அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.